காதியார் வைத்த தவணை

"புள்ள, எங்கட சட்டம் உங்களுக்குச் செல்லாது. அது தெரியும்தானே?"

"தெரியும், காதியார்."

"தெரிஞ்சுமா வந்த?"

"ஓம். நீங்க முழுசாக் கேட்பீங்க எண்டு சொன்னாங்க."

"கேட்கிறதுக்குச் சட்டம் தேவையில்லதான். மறுகா, உனக்கு என்ன வேணும்?"

"இவரிட்ட இருந்து விடுதலை வேணும்."

அக்கரைப்பற்றில் முஸ்லிம்களின் விவாக நீதிபதியான உதுமாலெப்பைக் காதியார் வீட்டு விறாந்தையில், தொண்ணூறாம் ஆண்டு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இராசமலர் இப்படிச் சொன்னபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் அவள் கணவர் நவரத்தினம் தன் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் விடுதலை கேட்டது அந்தக் குடையிடமிருந்துதான் என்பதுபோல.

இப்போது, நியூசிலாந்தின் ரானுயியில் மகள் சோபனாவின் வீட்டில், பேரக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்ற இராசமலருக்கு அந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவுக்கு வந்தது. சற்றுமுன் கைபேசியில் வந்த குரல்தான் காரணம்.

"மலர், வாப்பா மவுத்தாகிட்டார்கா. ஊரில நேத்தே அடக்கியாச்சு. சனிக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு இஞ்ச என்ட வீட்ட ஓதுறம். நீ வரணும். அண்ணனையும் கூட்டிட்டு வா."

நஸீஹா, காதியாரின் மகள். ஊரில் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். எத்தனையோ வருடம் தொடர்பில்லாமல் இருந்து, ஹெண்டர்சனில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, கடைக்காரர் பயந்துபோகும் அளவுக்குக் கட்டிப்பிடித்து அழுதவர்கள். இப்போது இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள்.

அண்ணனையும் கூட்டிட்டு வா என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். நவரத்தினம் இங்கே இருந்தால்தானே கூட்டிக்கொண்டு போவதற்கு?

இரண்டு வருடத்துக்கு முன்பு மவுண்ட் ரோஸ்கிலில் இருந்த வாடகை வீட்டை விட்டபோது மகன் ஜனார்த்தன்தான் திட்டம் போட்டான். "ரெண்டு பேருக்கு எதுக்கம்மா தனியா ஒரு வீடு, ஒரு rent? நீங்க தங்கச்சியோட இருங்க, பேபி வரப்போகுது. அப்பா மாசியில எங்கட வீட்ட இருக்கட்டும். தாரிணியை ஸ்கூலுக்குக் கூட்டிப் போக ஆள் வேணும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சந்திக்கலாம்." மாசி ஒன்றும் கடல் கடந்த ஊரில்லை. காரில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் இராசமலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நவரத்தினம் ஓட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு வேலையில்லாத ஞாயிறு வந்தால் சந்திப்பு. மழையோ, பிறந்தநாள் விழாவோ வந்தால் அதுவும் இல்லை.

ஒரு நீதிபதியிடம் போய்க் கேட்டும் கிடைக்காத பிரிவினையைப் பிள்ளைகள் ஒரு மத்தியானச் சாப்பாட்டோடு முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன கிழமை ஜனார்த்தன் இன்னொரு செய்தி சொன்னான். அவனுக்குப் பிரிஸ்பேனில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறான். அப்பாவும் போகிறார்.

"அப்பாட்டக் கேட்டியா?"

"கேட்டன்மா. பார்ப்பம் எண்டார்."

நவரத்தினத்தின் அகராதியில் அதுதான் சம்மதம், அதுதான் மறுப்பு, அதுதான் நல்லநாள் வாழ்த்தும். அவர் போகக் கூடாது என்று இராசமலரின் நெஞ்சு முழுவதும் சொன்னது. வாய் சொல்லவில்லை. அன்றைக்குப் பிரிவு கேட்டுப் போனவள் அவள். அந்த வாயால் எப்படி, இவரை என்னிடம் விடு என்று கேட்பது? அதுவும் அவருக்கே என்ன விருப்பம் என்று தெரியாமல்?

ஏன் ஒரு தமிழ்ப் பெண் காதியாரிடம் போனாள் என்று சோபனா ஒருமுறை கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான்.

நவரத்தினம் அப்போது கல்முனை நீதிமன்றத்தில் எழுதுவினைஞர். அந்தக் கோட்டு வாசலில் தன் பெயரும் மனைவியின் பெயரும் கூப்பிடப்படுவதைத் தன்னோடு தேநீர் குடிப்பவர்கள் கேட்பார்கள் என்று நினைத்தாலே அவருக்கு வியர்க்கும். கோயில் பெரியவர்களிடம் போகலாமென்றால் அவர்கள் எல்லோரும் அவருடைய மாமன், மச்சான். இராசமலரின் அப்பாவோ, "கட்டிக் குடுத்தாச்சு, இனி உன்ட பாடு" என்று கதவைச் சாத்திவிட்டார். அப்போதுதான் ஆசிரியர் அறையில் நஸீஹா சொன்னாள்: "வாப்பாட்ட வா. உங்கட ஆக்களும் வாறவங்கதான். வரம்புச் சண்டை, கிணத்துச் சண்டை, சீதனச் சண்டை, எல்லாம் வருது."

உண்மைதான். சனிக்கிழமைகளில் அஸர் தொழுகை வரைக்கும் முஸ்லிம்களின் வழக்குகள். கல்யாணம், தலாக், பிள்ளைச் செலவு. அரசாங்கம் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். அதெல்லாம் தடித்த புத்தகத்தில் எழுதப்படும். தொழுதுவிட்டு வந்து காதியார் அந்தப் புத்தகத்தை மூடி வைப்பார். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பிறகு மறுபடி அதே கதிரையில் உட்காருவார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் தமிழர்களின் வழக்கு. எழுத்தில்லை, கட்டணமில்லை, கையெழுத்தில்லை. இரண்டு பக்கமும், "உங்கட சொல்லுக்குக் கட்டுப்படுறம்" என்று வாயால் சொல்ல வேண்டும். 'புத்தகம் மூடின வழக்கு' என்று ஊரில் அதற்குப் பெயரே இருந்தது. எழுதிய வழக்குகளை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. மூடின வழக்கை மீறியவர் எவரையும் இராசமலர் கேள்விப்பட்டதில்லை.

"அவன் பக்கம் ஒராள், அவள் பக்கம் ஒராள் இருக்கணும்" என்றார் காதியார். "எங்கட வேதம் சொல்லுற முறை. உங்களுக்கும் அதால கெடுதல் வராது."

நவரத்தினத்தின் பக்கம் அவருடைய அண்ணன் பாஸ்கரன் வந்திருந்தார். இராசமலர் பக்கம் யாருமில்லை. விறாந்தையில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கிற்று. உள்ளே இருந்து காதியாரின் மனைவி ஆசியா உம்மா, கையில் ஒட்டிய அரிசிமாவோடு வந்து அந்தக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான் இவட ஆள்."

"நீ காதிட பொண்டாட்டி" என்றார் காதியார்.

"சமைக்கக்குள்ள உங்கட பொண்டாட்டி. இப்ப இவட ஆள். நீங்க வழக்கக் கேளுங்க."

காதியார் கேட்டார். "புள்ள, அடிச்சானா?"

"இல்ல."

"குடிக்கிறவனா? வேற பொம்புளையா?"

"ஐயோ, இல்ல."

"மறுகா?"

"என்ன சொன்னாலும், பார்ப்பம் எண்டு சொல்லுறார்."

பாஸ்கரன் சிரித்துவிட்டார். ஆசியா உம்மா அவர் பக்கம் திரும்பினார். "சிரிப்பா வருது உங்களுக்கு? உங்கட அக்காக்காரி இவட அலுமாரியத் திறக்கிறா. இவ என்ன சாரி உடுக்கிற எண்டு அவ சொல்லுறா. இடமாற்றத்துக்கு இவ எழுதின மனுவக் கிழிச்சு அடுப்புல போட்டா. புருசனிட்டச் சொன்னா, பார்ப்பம். எப்பயாம் பார்க்கிற? மையத்துக் கட்டில்ல ஏத்தின பிறகா?"

காதியார் நெடுநேரம் நவரத்தினத்தைப் பார்த்தார். "இந்தக் கதிரையில இருந்து அடிக்கிறவன், ஓடினவன், பொய் சொல்லுறவன் எல்லாரையும் பார்த்திருக்கன். வாய் திறக்காததுக்கு வழக்கு வந்தது இதுதான் முதல்தரம்."

தீர்ப்பு சொல்லவில்லை, தவணைதான் வைத்தார். தலாக் சொன்ன பிறகும் பெண் மூன்று மாதம் புருசன் வீட்டிலேயே இருப்பது தங்கள் முறை, அதற்குள் மனம் மாறினால் பிரிவும் இல்லாமல் போகும் என்றார். "நீங்களும் அப்பிடி இருங்க. ஆனா அக்காட வீட்டுல இல்ல. தனியா ஒரு அறை எடுத்து இருங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. வழக்குப் போட்ட நீதான், வேணும் எண்டோ வேணாம் எண்டோ உன்ட வாயால சொல்லணும்." பிறகு நவரத்தினத்தை மட்டும் வாசல் படலையடிவரைக்கும் அழைத்துப்போய் ஏதோ சொன்னார்.

தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு அறையும் அரைக் குசினியும் கிடைத்தன. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இராசமலருக்கு இன்றைக்கும் முகம் மலரும். நவரத்தினம் பேசப் பழகினார். வேறு கதை தெரியாததால் கோட்டுக் கதை. மாட்டுத் திருட்டு வழக்கில் மாடே கோட்டு வளவுக்குள் வந்து சாட்சிக்காரரின் சால்வையைத் தின்றது, ஒரு கிழவர் நீதவானைப் பார்த்து, "தம்பி, நீ யார்ட மகன்?" என்று கேட்டது. தேங்காய் துருவிக்கொண்டே, ஒரு முகபாவமும் இல்லாமல் சொல்லுவார். அவள் சிரித்து அடுப்பை மறப்பாள். சோறு அடிப்பிடித்த நாட்களில் அவர் அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார். இரண்டாவது மாதமே அவள் முடிவெடுத்துவிட்டாள். தவணை நாளில் காதியார் முன்னால், "வேணாம், இவரோடயே இருக்கப் போறன்" என்று எப்படிச் சொல்வது, எந்தச் சாரி கட்டிக்கொண்டு போவது என்பதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

ஆனி மாதம் சண்டை தொடங்கிற்று. ஒரே தெருவில் பால் வாங்கிய தமிழ், முஸ்லிம் சனங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஆனார்கள். இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. காதியார் வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் போக முடியவில்லை. தவணை நாள் வந்தபோது அவர்கள் கொழும்பில், யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் படுத்திருந்தார்கள். பிறகு வருடங்கள், பிள்ளைகள், நியூசிலாந்து.

"எங்கட வழக்கு இன்னும் தவணையில கிடக்கு" என்று இராசமலர் பிள்ளைகளிடம் பகிடியாகச் சொல்லுவாள். நவரத்தினம் சிரிக்க மாட்டார். பேப்பரை ஒரு பக்கம் புரட்டுவார். அவர் ஒருநாளாவது, "மலர், அண்டைக்கு நீ என்ன சொல்ல இருந்த?" என்று கேட்பார் என அவள் காத்திருந்தாள். அவர் கேட்டதேயில்லை. தெரிந்துகொள்ளும் ஆசை இல்லைப் போலும் என்று தானே ஒரு பதிலும் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை மருமகன் மனோஜ், "அத்தை, நான் ட்ராப் பண்றேன், மழை வர்ற மாதிரி இருக்கு" என்றான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, இரண்டு தெருவுக்கும் கார் எடுப்பான். வேண்டாம் என்று சொல்லி அவள் நடந்தே போனாள்.

நஸீஹா வீட்டுக் கராஜில் பாய் விரித்து ஆண்கள் இருந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே. வாசலைக் கடக்கும்போது இராசமலர் எட்டிப் பார்த்தாள். ஓரமாக, சுவரோடு ஒட்டி, வெள்ளைச் சட்டை போட்டு நவரத்தினம் உட்கார்ந்திருந்தார். அவள் ஃபோனில் சொன்னபடி மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. மெலிந்துவிட்டார். மூன்று ஞாயிறாக அவரைப் பார்க்கவில்லை.

ஓதி முடிந்து, சாப்பாடு கொடுத்து, கூட்டம் கலைந்த பிறகு நஸீஹா இருவரையும் பின்பக்க மரத் தளத்துக்கு அழைத்து வந்து பிளேன்டீ கொடுத்தாள். அழுது வீங்கிய கண்களோடு சிரித்தாள்.

"வாப்பா கடைசிக் காலத்துல ஆக்களை அடையாளம் தெரியாம மாறாடிப் போனார். என்னையே யார் எண்டு கேட்பார். ஆனா ஃபோன் எடுத்தா உங்கள மட்டும் விசாரிப்பார். அந்தப் பார்ப்பம் மாப்பிள்ளை வந்தானா, தவணைக்கு வந்தானா எண்டு."

நவரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வந்திருக்கணும்" என்றார். "பாதை இல்லாமப் போச்சு."

"சரி, இனி என்ன? நீதவானே போயிட்டார். வழக்கும் அவரோட போச்சு" என்றாள் இராசமலர். வேடிக்கையாகத்தான் தொடங்கினாள். குரல் இடையில் பிசகிவிட்டது.

"அப்பிடிப் போகாது. நீதவான் செத்தா வழக்குச் சாகாது. போட்ட ஆள் திருப்பி எடுக்கும்வரைக்கும் அது இருக்கும்."

"எங்க இருக்கும்? எங்கட வழக்குத்தான் எழுதவே இல்லையே."

"கேட்டவங்களிட்ட இருக்கும். காதியார், ஆசியா உம்மா, பாஸ்கரன் அண்ணன் மூணு பேரும் போயிட்டாங்க. இப்ப நம்மட ரெண்டு பேரிட்டயும்தான் இருக்கு."

நஸீஹா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணே, இத்தனை வருசத்துல நீங்க ஒருநாளும் இவளிட்டக் கேட்கலயா?"

"கேட்கக் கூடாது எண்டு உத்தரவு."

"யார்ட உத்தரவு?"

"காதியார்ட. படலையடியில வச்சுச் சொன்னார். நீ அவளிட்டக் கேட்காத. ஆம்புள கேட்டா பொம்புள முகத்துக்காகத் தலையாட்டுவாள். அது சம்மதம் இல்ல. அவள் தானாச் சொல்லட்டும். சொல்லும்வரைக்கும் எந்த விசயத்திலயும் அவளை மறிக்காத." மனப்பாடம் செய்தவர்போலச் சொன்னார்.

"அல்லாஹ்வே! வாப்பா சொன்னது மூணு மாசத்துக்கு!"

"தவணை முடிஞ்சாத்தானே உத்தரவும் முடியும், நஸீஹா? கட்டுப்படுறன் எண்டு வாயால சொன்னனான்."

நஸீஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இராசமலர் கணவரைப் பார்த்தாள். அவர்மீது எந்த அதிகாரமும் இல்லாத ஒரு நீதிபதி, புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்ன ஒரு வார்த்தை. அதை இந்த மனிதர் கடல் கடந்தும் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். கொழும்பில் எந்த அறை எடுப்பது, எந்த நாட்டுக்குப் போவது, பிள்ளைக்கு என்ன பெயர், எதைக் கேட்டாலும் "உனக்கு எப்பிடியோ அப்பிடி" என்று அவர் சொன்னதெல்லாம் அவளுக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

"மாசிக்குப் போனதும் அதாலதானா?" என்று கேட்டாள்.

"நீ ஒண்டும் சொல்லல. மகன் பிரிச்சுச் சொல்லக்குள்ள நீ மகளிட ரூமுக்குத் திரைச்சீலை என்ன நிறம் எண்டு கதைச்சுக்கொண்டு இருந்த. சரி, இதுதான் நீ கேட்ட விடுதலை, இப்ப கிடைச்சிருக்கு எண்டு நினைச்சன். மறிக்கக் கூடாதுதானே."

"நான் அழாம இருக்கிறதுக்குத் திரைச்சீலையக் கதைச்சன்."

அவர் கைகள் முழங்காலில் கிடந்தன. விரல் மூட்டுகளில் தோல் வெடித்திருந்தது. மாசியில் பாத்திரம் கழுவுவது இவர்தான் என்று அவள் நினைத்தாள். கையுறை போடச் சொல்ல அங்கே ஆளில்லை.

முன்பக்கம் ஹோர்ன் சத்தம் கேட்டது. ஜனார்த்தன். நவரத்தினம் எழுந்தார். நஸீஹாவிடம் சொல்லிக்கொண்டு, வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தூறலுக்குள் நடந்து போய்க் கார் முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். சொன்ன இடத்தில் உட்காரும் பிள்ளைபோல.

"அம்மா, நீங்களும் ஏறுங்க" என்றான் ஜனார்த்தன் கண்ணாடியை இறக்கி. "தங்கச்சி வீட்ட இறக்கிவிட்டுட்டுப் போறன். அப்பாட சாமானெல்லாம் இண்டைக்குப் பெட்டியில போடணும். கொண்டெய்னர் வருது."

"ஹாய், அப்பம்மா!" என்றாள் பின் ஆசனத்தில் இருந்த தாரிணி.

இராசமலர் ஏறவில்லை. முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மழை அவள் தலையில் விழுந்தது. நவரத்தினம் சீட் பெல்ட்டை மாட்டியபடி அவளைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்கவே மாட்டார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அந்தக் கண்கள் மட்டும் இத்தனை வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

"இஞ்ச பாருங்க. அண்டைக்கு நான் போட்ட வழக்க நானே திருப்பி எடுக்கிறன்."

"என்ன வழக்கும்மா?" என்றான் ஜனார்த்தன். "நனையிறீங்க, ஏறுங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு, தம்பி." மகன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். பல்லிடுக்கில் இத்தனை காலம் நின்ற சொல் இவ்வளவு இலேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"நீங்க பிரிஸ்பேனுக்குப் போக வேணாம். இறங்குங்க. எனக்கு உங்களோட இருக்கணும்."